பலாப்பழத்துக்கு பெல்ட் போட்ட சாய்வு சார்

உலகத்தில் உள்ள சகலத்தையும் சாய்கிறது, சாயாதது என்று இரண்டே வகையாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, சாய்வு சார்தான். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் எனக்கு நேர் கீழ் வீடு. மைன்ஸில் கன்வேயர் பக்கம் ஃபோர்மேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்து வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று பிளாக்கில் பாதிப் பேர் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஷிப்ட் பஸ் ரவுண்டானாவில் திரும்பினால் மற்றவர்கள் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர் பஸ் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பார். பார்த்துக்கொண்டே நின்று பஸ்ஸை விட்ட நாள்களும் உண்டு. ஒரு வருஷம் திருவதிகைத் தேருக்கு எங்கள் பிளாக்கிலிருந்து வேன் பிடித்துப் போனோம். தேர் அசைந்து வந்ததும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். இவர் மட்டும் தரையோடு தரையாகக் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "திரும்பும்போது எடது பக்கம் ஒக்காருது. மேல வெயிட்டு ஏறிப்போச்சி" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் பதறிப்போய், சாமி குத்தம் ஆகிவிடப்போகிறதென்று கையில் இருந்த திருநீறு மொத்தத்தையும் இவர் தலையில் கொட்டினார்.

என்னையும் விட்டதில்லை. பஜாரிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்றவர், "டீச்சர், ஒரு பக்கமா சாஞ்சிக்கினு வர்றீங்க. வலது பையில இருக்குற வெங்காயத்த எடது பைக்கு மாத்துங்க" என்றார். மாற்றிப் பார்த்தேன். சுமை இலகுவாகத்தான் இருந்தது. அதனாலேயே அன்று முழுக்க அவர்மேல் எரிச்சலாக இருந்தேன்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கார். கத்தரிப்பூ நிறம், நாலு கதவு, வாங்கும்போதே வயதான வண்டி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில், முன்கூட்டியே பதிந்துகொண்டால், நம் சொந்த வண்டியையே அதில் ஓட்டிப் பார்க்கலாம். சாய்வு சார் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் வளைவு வளைவாகச் சுற்றிவிட்டு வருவார். போட்டி கீட்டி ஒன்றும் கிடையாது. யாரையாவது முந்தினேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. தன்னை முந்திக்கொண்டு போன வண்டிகள் எல்லாம் எவ்வளவு கேவலமாகச் சாய்ந்தன என்பதைத்தான் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வண்டி சாயாமல் இருக்க இரண்டு வழி உண்டு என்பது அவர் சித்தாந்தம். ஒன்று, சக்கரத்துக்கு மேல் இருக்கும் ஸ்பிரிங்கை இறுக்கமானதாகப் போடுவது. இன்னொன்று, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற ஸ்வே பார் என்ற வளைந்த இரும்புக் கம்பியைத் தடிமனாகப் போடுவது. இந்த இரண்டில் எது எவ்வளவு என்பதில்தான் அவருடைய ஆயுசு போய்க்கொண்டிருந்தது. முன்பக்கக் கம்பி தடித்தால் வண்டி திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பின்பக்கக் கம்பி தடித்தால் வாலை வீசிக்கொண்டு சுற்றிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் சுற்றி, புல்லுக்குள் புகுந்து, வந்த வழியைப் பார்த்தபடி நின்றுவிட்டு வந்தார். முகத்தில் பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையின் சந்தோஷம். "பின்னாடி ஸ்வே பாரு கொஞ்சூண்டு தடிமன் கூடிப்போச்சி டீச்சர். இப்பத்தான் புரிஞ்சிது" என்றார்.

வடலூரில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அந்தக் கம்பி என்னதான் சார் பண்ணும்?" என்று கேட்டுவிட்டார். சார் எழுந்து போய் மண்டபத்து மாப் கட்டையைத் தேடி எடுத்துவந்தார். ஒரு முனை என் வீட்டுக்காரர் தோளில். இன்னொரு முனை, கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் அந்தப் பக்கமாகப் போக, அவர் தோளில்.

"ரெண்டு பேரும் ஒண்ணா குந்துங்க. கட்டை என்னா பண்ணுச்சி? ஒண்ணும் பண்ணல. எழுந்திருங்க. இப்ப சார் நீங்க மட்டும் குந்துங்க. மாமா, ஒங்களையும் சேத்து இழுக்குது பாத்தீங்களா? அதாங்க ஸ்வே பாரு. ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி எறங்குனா அது கண்டுக்காது. ஒரு பக்கம் மட்டும் சாஞ்சாத்தான் இழுத்துப் புடிக்கும்."

தாய்மாமன் பட்டு வேட்டியோடு நாலு தரம் உட்கார்ந்து எழுந்தார். அவருக்கு நாங்கள் யார் என்றே தெரியாது. சம்பந்தி வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துச் செய்திருக்கிறார்.

ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்று தெரிய வேண்டுமானால் அதை நிற்கவைத்து, மேலே பாரம் ஏற்றி, எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க வேண்டும். முதலில் மணல் மூட்டை வைத்துப் பார்த்தார். மழையில் நனைந்து மணலின் எடை மாறிவிட்டது. அப்புறம் பண்ருட்டிக்குப் போய்ப் பலாப்பழம் வாங்கிவந்துவிட்டார். "எடை போட்டுத் தந்துடுறாங்க. அளந்த பெறவு தின்னுடலாம். மணல திங்க முடியுமா?" என்றார். சீசனில் அவர் வீட்டு முன்னால் ஸ்பிரிங் ஒன்று நின்றால், மேலே பலகையும் அதன்மேல் பலாப்பழங்களும் ஏறினால், பிளாக் முழுவதும் தேன் பாட்டிலைத் தேட ஆரம்பித்துவிடும். ஒரு முறை பலகை நழுவிப் பழங்கள் எல்லாம் உருண்டோடி எதிர்வீட்டு கணேசன் சாரின் ஸ்கூட்டரைக் கீழே தள்ளிவிட்டன. கணேசன் சார் சண்டைக்கு வந்தார். சாய்வு சார் ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்டாண்டு கோணலா இருக்குங்க. பழம் இல்லன்னாலும் விழுந்திருக்கும்" என்றார்.

இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவர் கஸ்தூரிக்கா. பிள்ளைகள் இல்லை. "எனக்கு ஒரு சக்களத்தி இருக்குறா டீச்சர். அவளுக்கு நாலு சக்கரம்" என்பார். டிராக்குக்காகப் போட்ட இறுக்கமான ஸ்பிரிங்கோடுதான் அந்த வண்டி ஊருக்குள்ளும் ஓடும். சின்னக் கல் ஒன்று சக்கரத்தில் பட்டால் பல் ஆடும். "ஊருக்குப் போவும்போது தயிர் சொம்போட ஏறுனேன். சேத்தியாத்தோப்புல எறங்கும்போது வெண்ணெ தெரண்டு நின்னுச்சி" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார். சார் அதற்கும் அசர மாட்டார். "குலுங்குச்சி, சரி. சாஞ்சிச்சா?" என்பார்.

அந்தக் கஸ்தூரிக்காவுக்குத்தான் நோய் வந்தது. தெரியவந்தபோது இடுப்பெலும்பு வரை போயிருந்தது. முழுசாகக் குணமாக்க முடியாது, ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினால் வலி குறையும், நாளும் கிடைக்கும் என்று பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாண்டிச்சேரிக்கு எங்கள் பக்கத்திலிருந்து எந்த வழியில் போனாலும் நெடுஞ்சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும். அந்தச் சாலையை நாலு வழியாக்குகிறோம் என்று வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பர்லாங் சாலை, ஒரு பர்லாங் பள்ளம், நடுவில் மாற்றுப்பாதை என்று மண்ணில் இறக்கிவிடும் அம்புக்குறி.

முதல் சில தடவைகள் கஸ்தூரிக்கா ஒன்றும் சொல்லவில்லை. சார் எப்போதும் போல வண்டியை ஓட்டிப்போய்த் திரும்பிவந்தார். ஒரு நாள் நான் ரசம் கொண்டுபோனபோது இருவரும் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். அக்கா வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நடக்கவில்லை.

"ஏங்க, இனிமே நான் வரல."

"என்னா கஸ்தூரி?"

"மருந்து வலிய கொறைக்கத்தான குடுக்குறாங்க? போய்ட்டு வர்ற வலிக்கு அது பத்தல. ஒவ்வொரு பள்ளத்துலயும் உசுரு போய் உசுரு வருது. வேணாங்க. இங்கியே இருந்துடுறேன்."

சார் வாயைத் திறந்தார். நான் பயந்துபோனேன். நல்லவேளை, சாய்ந்ததா என்று அவர் கேட்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

வாடகைக் கார் வைத்துப் பார்த்தார்கள். டிரைவர் போனில் பேசிக்கொண்டே பறந்தான். ஆம்புலன்ஸ் வைத்துப் பார்த்தார்கள். "படுத்துக்கினு போனா மேல பல்பு மட்டுந்தான் தெரியுது. அந்த மாதிரி போற நேரம் எனக்கு இன்னும் வரல" என்று கஸ்தூரிக்கா அதையும் மறுத்துவிட்டார். ஆக, வழி ஒன்றுதான். கத்தரிப்பூ கார் மாற வேண்டும். மாறாவிட்டால் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்.

சார் லீவு போட்டார். சென்னைக்கு பஸ் ஏறி, புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பிரிங்குகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். டிராக்குக்காக வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் போட்டதை எல்லாம் ஒரே பகலில் கழற்றி எறிந்தார். அடுத்த முறை அக்காவைக் கெஞ்சிக் கூட்டிப்போனார். பள்ளம் எதுவும் தெரியவில்லை. ஆனால் மாற்றுப்பாதையில் ஒவ்வொரு முறை வளையும்போதும் வண்டி இந்தப் பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்தது. பண்ருட்டியில் ஆரம்பித்த வாந்தி கடலூர் தாண்டியும் நிற்கவில்லை. திரும்பிவந்த அக்கா, "வலியே தேவலாம்னு ஆக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அடுத்த மருந்துக்கு மூன்று வாரம் இருந்தது. இனி வர மாட்டேன் என்று மறுபடியும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் சார் மாடிக்கு வந்தார். முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் திரும்பியிருந்தது. "டீச்சர், ஸ்பிரிங்கு மெத்துனே இருக்கட்டும். பள்ளம் தெரியாது. ஸ்வே பார மட்டும் தடிமனா போட்டா சாயாது. ரெண்டும் வேற வேற வேலை இல்லியா? இத்தினி வருசமா ரெண்டையும் ஒண்ணா இறுக்கிக்கினே இருந்தேன் பாருங்க" என்றவர், மூச்சு விட்டுக்கொண்டு, "நீங்க கொஞ்சம் பின்சீட்டுல வந்து ஒக்காரணும்" என்றார்.

கையில் நிறையத் தண்ணீரோடு ஒரு சொம்பைக் கொடுத்து என்னை உட்காரவைத்தார். டவுன்ஷிப் ரவுண்டானா, ஸ்கூல் வாசல் ஸ்பீட் பிரேக்கர்கள், ஆர்ச் கேட் தாண்டி மண் பாதை. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சுற்று. இறங்கியதும் அவர் சொம்பைப் பார்க்க மாட்டார், என் புடவையைப் பார்ப்பார். எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பவரைப் பால்கனியிலிருந்து பிளாக்கே பார்த்துக்கொண்டிருக்கும். கம்பி ரொம்பத் தடித்தால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது மறு சக்கரத்தையும் சேர்த்து உலுக்கியது. மெலிந்தால் சாய்ந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கஸ்தூரிக்காவின் கம்பி இருந்தது.

சில நாளில் என்னை வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீங்க வளைவு வந்தா புடிச்சிக்கினு ஒக்காருறீங்க டீச்சர். ஒங்கள அறியாமலே ஒடம்ப இறுக்கிக்கிறீங்க. அவளால அது முடியாது. போட்ட மாதிரி கெடப்பா."

அன்று மாலையே பண்ருட்டியிலிருந்து பலாப்பழங்கள் வந்தன. அக்காவின் எடை எவ்வளவோ அவ்வளவு. பின்சீட்டில், அக்கா உட்காரும் இடத்தில் அடுக்கி, சீட் பெல்ட்டைப் போட்டு இறுக்கினார். பலாப்பழம் எதையும் பிடித்துக்கொள்ளாது. பெல்ட் போட்ட பழங்களோடு அவர் ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேட்டில் செக்யூரிட்டி வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "பெல்ட்டு யாருக்கு சார்?" என்றார்.

"பேஷண்டுக்கு" என்றார் இவர்.

மருந்துக்குப் போகும் நாளும் வந்தது. அக்காவை எப்படியோ சம்மதிக்கவைத்துவிட்டார். ஒரே ஒரு தடவை, பிடிக்கவில்லை என்றால் பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று பேச்சு. நான் கைத்தாங்கலாக அக்காவை அழைத்துவந்து கார்க் கதவைத் திறந்தேன். பலாப்பழ வாடை முகத்தில் அறைந்தது. முந்தின நாள் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பழங்களை உள்ளேயே விட்டிருக்கிறார். பழுத்துப் போயிருந்தன. மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து அக்காவுக்குத் தாளிக்கிற வாடைகூட ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்து உள்ளே போய்விட்டார்.

பலாப்பழ வாடையிலேயே வாழ்கிற எங்கள் பக்கத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. சார் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல் இல்லை, குழந்தை மாதிரி வாய்விட்டு. அதைப் பார்த்துக்கொண்டு யாராலும் நிற்க முடியவில்லை. கணேசன் சார் பழங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் மனைவி வாளியும் துணியும் கொண்டுவந்தார். எலுமிச்சைத் தோல், சோடா உப்பு, காப்பித்தூள் என்று யார் யாரோ ஓடிவந்து சீட்டைத் தேய்த்தார்கள். நானும் தேய்த்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரிக்கா மெல்ல வெளியே வந்தார்.

"கெளம்புங்க. பாதி பிளாக்கு வெளக்கமாத்தோட நிக்குது. வரலன்னா மரியாதையா இருக்காது."

சாயங்காலம் வண்டி திரும்பிவந்தபோது நாங்கள் எல்லோரும் வாசலில் இருந்தோம். சார் இறங்கி, உதட்டில் விரலை வைத்தார். பின்சீட்டில் அக்கா வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "காடாம்புலியூரு எப்பங்க வந்துச்சி?" என்பது. அந்தப் பாதையிலேயே மோசமான பள்ளங்கள் காடாம்புலியூரில்தான். சார் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், காடாம்புலியூரே தெரியலையாம்." டிராக்கில் அத்தனை பேரையும் முந்தியிருந்தால்கூட அந்த முகம் அப்படி இருந்திருக்காது.

அதற்குப் பிறகு கஸ்தூரிக்கா மருந்துக்குப் போக மறுக்கவே இல்லை. சில மாதங்கள் கிடைத்தன. வலியும் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பு உருகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியில் எடை பார்த்துச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் சார் அந்த எடைக்குப் பலா வாங்கி, பெல்ட் போட்டு, சுற்றிப் பார்த்து, வேண்டுமானால் ஸ்பிரிங்கை மாற்றுவார். இப்போது பழம் இல்லை, வாடை அடிக்காத காய். இறங்கியவுடன் கணேசன் சார் வீட்டுக்குக் கூட்டுக்குப் போய்விடும்.

ஒரு முறை பண்ருட்டிக்கு நானும் கூடப் போயிருந்தேன். மண்டியில் மலை மாதிரி குவிந்து கிடந்தது. சார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"இது பெருசா இருக்குங்க. இத்த விட சிறுசா காட்டுங்க."

மண்டிக்காரர் நல்ல சிரிப்பு முகம். "எல்லாரும் போன வாட்டிக்கு இந்த வாட்டி பெருசாத்தான் கேப்பாங்க. நீங்க என்னா சார், வரவர கொறச்சிக்கினே வர்றீங்க?"

"எடை கொறஞ்சிட்டுதுங்க" என்றார் சார், தராசைப் பார்த்துக்கொண்டே.

மண்டிக்காரர் காயின் எடையைச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து, கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். தினமும் பார்க்கிற முகம்தான். ஆனாலும் தராசுத் தட்டில் கிடந்த அந்தச் சின்னக் காய்களைப் பார்த்தபோதுதான் அக்கா எவ்வளவு கரைந்துபோய்விட்டார் என்பது எனக்கு உறைத்தது.

சார் வழக்கமாக வேலை கொடுக்கும் மெக்கானிக் ஒருவர் வடலூரில் இருந்தார். அவர் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "சார், மூணு கிலோ நாலு கிலோல வண்டிக்கு ஒண்ணுமே தெரியாது. சும்மா சும்மா ஏன் கழட்டிக்கினு?" என்றார். சார் ஸ்பேனரைக் கீழே வைக்காமல், "எனக்குத் தெரியாதா? வூட்டுல சும்மா ஒக்காந்துக்கினு அவளப் பாத்துக்கினு இருக்க முடியலங்க" என்றார். அந்த மெக்கானிக் அதற்கப்புறம் எத்தனை முறை கழற்றச் சொன்னாலும் கழற்றிக் கொடுத்தார்.

பிறகு ஒரு தடவை, இனி வர வேண்டாம், வீட்டிலேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் வாசலில் நின்றது. ஒரு மாலை கஸ்தூரிக்காவே, "எங்கன்னா போலாங்க. ஆஸ்பத்திரி இல்லாம" என்று கேட்டார். டவுன்ஷிப்புக்குள்ளேயே, மரம் மூடிய ரோடுகளில், சைக்கிள்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில் சார் சுற்றிக்காட்டினார். பஜாரில் வண்டியை நிறுத்தி, வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். "அந்த டிராக்குல இப்புடித்தான் சும்மா சுத்திக்கினே இருப்பீங்களா?" என்று அக்கா கேட்டாராம். ஆமாம் என்றாராம் இவர். "நல்லாத்தான் இருக்குது" என்றாராம் அக்கா. இதைச் சொல்லும்போது சார் சிரித்தார்.

சிரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கஸ்தூரிக்கா போய்விட்டார்.

சாருக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். அங்கே கொண்டுபோய்த்தான் எடுப்பது என்று முடிவானது. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அமரர் ஊர்தியும் வந்து வாசலில் நின்றது. அக்காவை ஏற்றப் போகிற நேரத்தில் சாரைக் காணோம். தேடிப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்திக்கு அடியில் படுத்திருந்தார். டிரைவர் செய்வதறியாமல் நின்றார். சார் வெளியே வந்து முழங்கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இது லோடு ஏத்துறதுக்குப் போட்ட பட்டை ஸ்பிரிங்குங்க. காலியா போனா தூக்கித் தூக்கிப் போடும். ஆளு ஏறுனா அடங்கிடும்." அக்காவை ஒரு முறை பார்த்தார். "இவ லோடே இல்ல."

உறவுக்காரர் ஒருவர் தோளைத் தொட்டு, "இனிமே அதுக்கு என்னா தெரியப்போவுது? ஏத்துங்கப்பா" என்றார். சார் நகரவில்லை. ஊர்திக் கதவை மறித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "யாருன்னா ஏறுங்க. வெயிட்டு வேணும். ரோடு பூரா பள்ளம்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனை வரைதான் போவோம். அதற்கு மேல் ஆண்கள்தான். முதலில் ஏறியது கணேசன் சாரின் மனைவி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் கேட்காமல் ஏறி, பின் சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்தார். பின்னால் கணேசன் சார். அப்புறம் நான், என் வீட்டுக்காரர், வடலூர் மெக்கானிக், சீட்டைத் தேய்த்த அத்தனை பேரும். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். டிரைவர், "இவ்ளோ பேரு ஏத்தக் கூடாதுங்க" என்றார். எங்களைப் பார்த்துவிட்டு, அவரும் போய் சீட்டில் உட்கார்ந்தார். சார் எங்களை ஒவ்வொருவராக இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றி உட்காரவைத்தார். கடைசியில் தான் ஏறி அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

வடலூர் தாண்டியதும் சாலையை வெட்டிப் போட்டிருந்த இடம் வந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கியது. இறங்கி, ஏறியது. அக்காவின் தலை அசையவில்லை. கன்னத்தை ஒட்டிக் கிடந்த மாலையும் நழுவவில்லை. சார் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

அடுத்த பள்ளம் தூரத்தில் தெரிந்தது. கணேசன் சாரின் மனைவி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சேத்தியாத்தோப்பு வரைக்கும் ஒருவரும் இடம் மாறாமல், ஒருவரும் எழாமல், அந்த மனிதருக்காக நாங்கள் கனமாக உட்கார்ந்திருந்தோம்.